ஓரி – கொல்லிமலை: போட்டித் தேர்வு நோட்டுகளைப் பற்றி

கடையெழு வள்ளல்கள் இல்லாத டிஎன்பிஎஸ்சி நோட்டு கிடையாது. பேகன் – மயிலுக்குப் போர்வை. பாரி – முல்லைக்குத் தேர். அதியமான் – ஔவைக்கு நெல்லிக்கனி. இப்படியே வந்து கடைசி வரி: ஓரி – கொல்லிமலை. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. சில நோட்டுகளில் மஞ்சள் ஹைலைட்டர். ஏழு பேரும் வரிசை மாறாமல் ஞாபகத்தில் நிற்கப் பெயர்களின் முதலெழுத்தைக் கோர்த்து ஒரு ஷார்ட்கட். அவ்வளவுதான், வள்ளல்கள் முடிந்தார்கள், அடுத்த பக்கம் ஐம்பெருங்காப்பியம்.

எருமப்பட்டியில் நின்று வடக்கே தலையைத் திருப்பினால் அந்தக் கொல்லிமலை தெரியும். காலையில் பனி மூடியிருந்தால் கொஞ்சம் நேரம் கழித்துத் தெரியும். இந்த ஊர்ப் பக்கம் குரூப் 4-க்கும் குரூப் 2-க்கும் படிக்கிறவர்களிடமிருந்து கடந்த சில மாதங்களில் ஒன்பது நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். சிலது கையால் எழுதியது, சிலது பயிற்சி மையத்தில் கொடுத்தது, சிலது டெலிகிராமில் வந்த பிடிஎஃப்-ஐ ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது. ஒன்பதிலும் ஓரி இருக்கிறான். ஒன்பதிலும் அதே வரிதான். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை, நோட்டுக்குள்ளே ‘பொருத்துக’வின் வலது பக்கத்துச் சொல்லாக மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். வரி சரிதானே? சரிதான். ஆனால் அந்த ஏழு பேர் பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் போட்டது, எதற்குப் போட்டது என்று பார்த்தால், நோட்டு எதைத் தொலைத்திருக்கிறது என்பது தெரியும்.

பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. இன்னொன்று, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 158-ஆம் பாட்டு. இரண்டிலும் பட்டியல் போடுகிற நோக்கம் ஒன்றேதான். நத்தத்தனார் ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் ஏழு பேரும் சேர்ந்து சுமந்த கொடை என்கிற நுகத்தை இப்போது ஒருத்தனாகச் சுமக்கிறவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் என்கிறார். பெருஞ்சித்திரனாரும் அந்த ஏழு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி நீதான் என்று குமணனிடம் போய் நிற்கிறார். அதாவது இது வரலாற்று ஆசிரியர் போட்ட பட்டியல் இல்லை. வறுமையில் இருந்த புலவர், உயிரோடு இருக்கிற ஒரு வள்ளலிடம் கொடுக்கிற விண்ணப்பத்தின் முதல் பத்தி. பட்டியலின் உயிரே எட்டாவது ஆளில்தான் இருக்கிறது. நம் நோட்டுகளில் அந்த எட்டாவது ஆள் வேறு ஒரு பக்கத்தில், ‘பத்துப்பாட்டு – பாட்டுடைத் தலைவர்’ என்ற அட்டவணையில் தனியாகக் கிடக்கிறார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு அம்புக்குறிகூட எந்த நோட்டிலும் இல்லை.

இன்னொன்று. ஓரியைக் கொன்றது யார்? காரி. அதே ஏழு பேரில் ஒருத்தனான மலையமான் திருமுடிக்காரி. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209-ஆம் பாட்டில் கல்லாடனார் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையின் பட்டியலே ஓரியை அறிமுகப்படுத்தும்போது காரியோடு போர் செய்தவன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. நோட்டில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில், நான்கு வரி இடைவெளியில், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். ஒரு தடவை இந்தச் சண்டையைப் படித்த ஆளுக்கு காரி எங்கே, ஓரி எங்கே என்று ஷார்ட்கட் தேவைப்படாது. கதை தெரியாதபோதுதான் முதலெழுத்து தேவைப்படுகிறது.

இந்த ஒரு வரியை வைத்துத்தான் மொத்த நோட்டுகளையும் படிக்க ஆரம்பித்தேன். வள்ளல்கள் பக்கத்தில் நடந்தது எல்லாப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. நாமக்கல் கவிஞர் பக்கத்தை எடுங்க. மோகனூர்க்காரர், நம்ம மாவட்டம். நோட்டில்: பெயர் வெ. இராமலிங்கம், ‘காந்தியக் கவிஞர்’, அரசவைக் கவிஞர், மலைக்கள்ளன், என் கதை, சங்கொலி, அவனும் அவளும், பத்மபூஷண் 1971. ஓவியர் என்று இரண்டு நோட்டில் இருந்தது. நோட்டுக் கொடுத்தவர்களில் யாராவது ‘என் கதை’யைத் திறந்து பார்த்தீர்களா என்று விசாரித்தேன். ஒருத்தரும் இல்லை. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. போனிலேயே காசில்லாமல் படிக்கலாம். புத்தகத்தின் பெயரை மனப்பாடம் செய்ய ஆன நேரத்தில் அதில் பத்துப் பக்கம் ஓடியிருக்கும். ஆனால் பாடத்திட்டத்தில் கேட்பது அடைமொழி, நூல், ஆசிரியர். நோட்டு அதைத்தான் எழுதும்.

இங்கே நோட்டுக்காரர்கள் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது வெளியில் நின்று கல்லெறிகிற வேலையாகிவிடும்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 3 மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கும் மனத்திறனும் 25. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதிலேதான் கேள்வியைப் படிக்கணும், யோசிக்கணும், ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்கணும். நல்லியக்கோடனைப் பற்றி யோசிக்க 54 விநாடியில் இடமில்லை. 2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 14 லட்சம். இந்தக் கூட்டத்தில் ஒன்றரை மதிப்பெண் என்பது ஒரு வருஷம். அந்த ஒன்றரை மதிப்பெண்ணுக்காக ஒரு வரி எழுதி வைப்பவரைப் பார்த்து ‘வாசிப்பின் அருமை தெரியவில்லையே’ என்று சொல்வது, பசித்தவனிடம் சமையல் அழகைப் பேசுவது மாதிரி.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. கிராம கணக்கு ஒரு காலத்தில் குடும்பச் சொத்து. கர்ணம் வீட்டுப் பையன் கர்ணம். நிலத்தின் அளவும், யார் பெயரில் எது என்பதும் ஒரு வீட்டுக்குள்ளே இருந்த எழுத்து. 1980-ல் எம்.ஜி.ஆர் அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் வேலை தேர்வாணையத்தின் வழியாக வருகிறது. அப்பா லாரி ஓட்டுபவர், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குபவர் என்கிற வீட்டில் இருந்து ஒரு பெண் அடங்கலும் சிட்டாவும் கையில் எடுக்க இந்தத் தேர்வு ஒன்றுதான் கதவு. அந்த வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. நோட்டுதான் அலமாரி. அதனால் நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நோட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் என் சண்டை.

சுருக்கி எழுதி மனப்பாடம் செய்வது நமக்குப் புதுசும் இல்லை. நிகண்டுகளை எடுத்துக்கொள்ளுங்க: திவாகரம், பிங்கலம், சூடாமணி. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பாட்டாகக் கட்டி வைத்த குறிப்பேடுகள்தான் அவை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓதி மனதில் ஏற்றியது. நன்னூல் முழுக்கச் சூத்திரம். நாலு அடியில் ஒரு இலக்கண விதி. இன்றைய ஒன்லைனர் நோட்டுக்கு இவைதான் முன்னோர்கள் என்று ஒரு பயிற்சி ஆசிரியர் எனக்கு விளக்கமே சொன்னார்.

ஒப்பீடு பாதி வரைக்கும் சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. சூத்திரம் தனியாக நிற்பதற்காக எழுதப்பட்டது இல்லை. அதற்கு உரை வேண்டும். சொல்லுக்குப் பொருள், எடுத்துக்காட்டு, அப்படியானால் இது எப்படி என்கிற கேள்வி, அதற்கு விடை – இவ்வளவும் கூட வரும் என்று தெரிந்துதான் சூத்திரத்தை அவ்வளவு இறுக்கினார்கள். விரிக்கத் தெரிந்தவன் சுருக்கலாம். நம் நோட்டில் சுருக்கம் இருக்கிறது, விரிக்கிற ஆள் இல்லை. எழுதினவருக்கே ‘ஓரி – கொல்லிமலை’யை விரிக்கத் தெரியாது. ஏனென்றால் அவர் அதை இன்னொரு நோட்டில் இருந்து எடுத்தார். அந்த நோட்டு இன்னொரு நோட்டில் இருந்து.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்பது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. பவணந்தி முனிவர் அங்கே ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் படித்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். 13-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. இதை இலக்கணப் பகுதியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படிக்கிறவர்கள் உண்டு. தங்கள் படிப்புக்கான யோசனையாக எடுத்துக்கொண்டவர்களை அதிகம் பார்க்கவில்லை.

இதே விஷயத்தை வேறு வழியில் போய்க் கண்டுபிடித்தார்கள் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும். 2006-ல் வந்த அவர்கள் ஆய்வு ரொம்ப எளிமையானது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பத்தியை மூடிவிட்டு ஞாபகத்தில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். இதில் எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொரு விஷயம்: தமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்ற நம்பிக்கை திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. 2013-ல் டன்லோஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை அலசி எழுதிய நீண்ட கட்டுரையில், அடிக்கோடிடுவது, திரும்பப் படிப்பது, சுருக்கி எழுதுவது மூன்றையும் பலன் குறைந்த வரிசையில் வைத்தார்கள். தன்னைத்தானே கேள்வி கேட்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் வரிசை. சுருக்கி எழுதுவது நன்றாகச் சுருக்கப் பழகியவர்களுக்கு உதவும் என்று ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நம் ஊர்ப் பையன் நாள் முழுக்க என்ன செய்கிறான் என்று பாருங்க. நாலு கலர் பேனா. தலைப்புக்குப் பச்சை, வருஷத்துக்குச் சிவப்பு. பயிற்சி மையத்து நோட்டைத் தன் நோட்டில் அழகாக ‘ஃபேர்’ பண்ணுகிறான். பிறகு அதில் ஹைலைட்டர். பிறகு திரும்பப் படிக்கிறான். மூன்று மாதம் போகிறது. கை வலிக்கிறது என்பதால் படித்தோம் என்கிற திருப்தி இருக்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் ஒரு தடவைகூட நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்கவில்லை என்றால், அவன் செய்தது நகல் எடுக்கிற வேலை. ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நாமக்கல் மாவட்டத்தில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த ஊர் இது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டுவது என்பது இங்கே பல பள்ளிகளில் ஊரறிந்த வழக்கம். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்கிற ப்ளூபிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாத பாடத்தை விட்டுவிடுவது. 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. அந்த முறை கட்டடங்களை விட்டு வெளியே வந்து, அதில் படித்தவர்களோடு சேர்ந்து போட்டித் தேர்வுக்கு வந்துவிட்டது. ‘இது வருமா, வராதா’ என்பதுதான் நோட்டு எழுதும்போது கேட்கிற ஒரே கேள்வி.

பட்டியலைச் சொல்லி மாட்டிக்கொண்ட ஒருவர் கதை நம்ம பக்கத்து ஆளோடு சம்பந்தப்பட்டது. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சாமிநாதையர் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஐயர் தான் படித்ததையெல்லாம் அடுக்குகிறார். இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி முதலியார் கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதுவரை அந்த நூல் ஐயர் கைக்கு வந்ததில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887-ல், சிந்தாமணி அச்சில் வருகிறது. 1889-ல் பத்துப்பாட்டு, 1894-ல் புறநானூறு. ஓரியையும் நல்லியக்கோடனையும் குமணனையும் நாம் இன்று அச்சில் படிப்பதற்குப் பின்னால் சேலத்துக்காரர் கேட்ட அந்த மரியாதையில்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. நோட்டில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உ.வே.சா. – தமிழ்த் தாத்தா.

அரசியலமைப்புப் பகுதிக்கு வருகிறேன். நோட்டுகள் அதிகம் கெட்டுப்போனது இங்கேதான். ஏனென்றால் இங்கே நோட்டில் இருப்பது அப்படியே தெருவிலும் இருக்கிறது.

73-ஆவது திருத்தம், 1992, நடைமுறைக்கு வந்தது 24 ஏப்ரல் 1993, பகுதி 9, பதினொன்றாவது அட்டவணை, 29 பொருள்கள். 74-ஆவது திருத்தம், நடைமுறை 1 ஜூன் 1993, பகுதி 9-ஏ, பன்னிரண்டாவது அட்டவணை, 18 பொருள்கள். ஒன்பது நோட்டிலும் இரண்டும் பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு இருக்கிறது. 29, 18 என்கிற எண்களில் எப்போதும் குழப்பம், அதற்கு ஒரு ஷார்ட்கட்.

எருமப்பட்டி ஒரு பேரூராட்சி. அதே சமயம் எருமப்பட்டி ஊராட்சி ஒன்றியத்துக்கும் அதுதான் தலைமையிடம். பேரூராட்சி 74-ஆவது திருத்தத்தின் பிள்ளை. ஒன்றியம் 73-ஆவது திருத்தத்தின் பிள்ளை. ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு அலுவலகம், இரண்டு சட்டம். ஒன்றியக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பது சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள். பேரூராட்சிக்குள் குடியிருப்பவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. கிராம சபை ஊராட்சியில் உண்டு, பேரூராட்சியில் இல்லை. பேரூராட்சி வீட்டுவரி ரசீதையும் பக்கத்து ஊராட்சி வீட்டுவரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாடம் பாதி முடிந்தது. இவ்வளவு நல்ல வகுப்பறை டெல்லியில் ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை எடுத்துப் படிக்கிறவனுக்குக் கிடைக்காது. அங்கேயும் முந்தைய வருஷம் ஜெயித்தவர்களின் நோட்டுதான் ஜெராக்ஸ் கடையில் விற்கிறது என்பது வேறு விஷயம்.

ஒன்பதில் ஒரு நோட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. கோழிப்பண்ணை அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே படிக்கிற பெண்ணுடையது. நீள நோட்டு, ஒரே நீலப் பேனா, எழுத்தும் அழகில்லை. வலது பக்கம் மட்டும் பாடம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனையாம் பக்கம் என்று சின்னதாக எண். இடது பக்கம் காலி. இல்லை, காலியாக விட்டுவிட்டுப் பிறகு கேள்விகளால் நிரப்பியிருக்கிறார். 243-இ, ஊராட்சிகளின் பதவிக்காலம் 5 ஆண்டு, முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிற வரிக்கு எதிரே இப்படி இருந்தது: ‘2025 ஜனவரி 5-ல முடிஞ்சுது. தேர்தல் இல்ல. தனி அலுவலர். அப்ப இந்தப் பிரிவு என்ன ஆச்சு? 2016-லயும் இதே மாதிரி, 2019 டிசம்பர் வரைக்கும். பேரூராட்சிக்கு மட்டும் 2022 பிப்ரவரில தேர்தல். ஏன்?’

அதற்குக் கீழே வேறு நாளில் எழுதின மாதிரி இன்னும் இரண்டு வரி. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, நீதிமன்ற வழக்கு என்று காரணங்களைத் தேடிப் போட்டிருந்தார். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை போல, வட்டம் போட்டு விட்டிருந்தார்.

இது நல்லா இருக்கே என்றேன். “அதெல்லாம் பரீச்சைக்கு வராதுங்ணா, சும்மா எழுதி வெச்சது” என்றார். அவருக்கே அந்த இடது பக்கங்களைக் காட்டக் கூச்சமாக இருந்தது. வலது பக்கம்தான் நோட்டு, இடது பக்கம் கிறுக்கல் என்று நினைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், நான் பார்த்த ஒன்பதில் நோட்டு என்று சொல்லத் தகுந்தவை அந்த இடது பக்கங்கள் மட்டும்தான். தேர்வுக்கும் அதுதான் உதவும். இப்போது வருகிற கேள்விகளில் கூற்று 1, கூற்று 2, காரணம் சரியா, விளக்கம் பொருந்துமா என்கிற வகை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பழைய வினாத்தாள்களைப் புரட்டினாலே தெரியும். ‘பதவிக்காலம் முடிந்த ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும்’ என்று ஒரு கூற்றுக் கொடுத்தால், 5 ஆண்டு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார். ஆறு மாதம் என்பது முன்கூட்டியே கலைத்தால் மட்டும்தான் என்பது, ‘இந்தப் பிரிவு என்ன ஆச்சு’ என்று ஒரு தடவை கோபப்பட்டவருக்கு மறக்காது. நாளைக்கு அவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே இளநிலை உதவியாளராக உட்காரலாம். அந்தக் கேள்வியோடு ஒருத்தர் அங்கே போவதற்கும், 29 என்ற எண்ணோடு ஒருத்தர் போவதற்கும் மனுக் கொடுக்க வருகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

குறிப்பு எழுதுவதைப் பற்றி நான் படித்ததில் மனதில் தங்கிய ஒரு பேச்சு சீனாவில் இருந்து. அங்கே ஆட்சிப் பணித் தேர்வு 1905 வரை நடந்தது. தேர்வில் ஜெயித்த மாதிரிக் கட்டுரைகளை அச்சடித்து விற்பது பெரிய வியாபாரம். மூலநூலை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் கு யான்வூ, இந்தத் தேர்வுக் கட்டுரைகள் செய்த கேடு புத்தகங்களை எரித்ததற்குச் சமம் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அவர் வாழ்நாள் சாதனையே ஒரு குறிப்பு நோட்டுதான். நாள்தோறும் தெரிந்துகொண்டதை எழுதி எழுதி, முப்பது வருஷத்துக்கு மேல் சேர்த்த புத்தகம். ஒரு நண்பர், புத்தகம் இப்போது எத்தனை பாகம் ஆயிற்று என்று கேட்டபோது அவர் எழுதிய பதில் இது: அந்தக் காலத்தவர்கள் காசு அடிக்க மலையில் போய்ச் செம்பு வெட்டினார்கள், இந்தக் காலத்தவர்கள் பழைய காசை வாங்கி உருக்குகிறார்கள். நான் ஒரு வருஷமாக இரவு பகலாகப் படித்து, தேடி, எழுதியது பத்துப் பதினைந்து குறிப்புகள்தான்.

ஒரு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து என்பது குரூப் 4-க்குக் கட்டுப்படியாகாது, தெரியும். பழைய காசை உருக்குவதும் வேண்டியிருக்கும். ஆனால் முழு நோட்டும் உருக்கின காசாக இருக்க வேண்டியதில்லையே. பயிற்சி மையங்கள் கொடுக்கிற அச்சுக் குறிப்புகளில் எனக்குப் பெரிய குறை இதுதான்: ஒரு வரிக்குக்கூட அது எங்கிருந்து எடுத்தது என்று இருக்காது. பெரும்பாலானவை ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரையுள்ள பள்ளிப் பாடநூல்களில் இருந்து வந்தவை. பழைய சமச்சீர்ப் புத்தகத்துக்கும் 2018-க்குப் பின் வந்த புதுப் புத்தகத்துக்கும் சில தகவல்கள் வேறுபடும். எந்தப் புத்தகம் என்று தெரியாமல் இரண்டையும் கலந்து அடித்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு வருஷம், இரண்டு பெயர். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க இடமில்லை. பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பும் இலவசம். காசு கொடுத்து வாங்கிய குறிப்பில் குறைந்தது ஒரு பக்க எண்ணாவது இருக்கலாம்.

பக்க எண்ணின் அருமை தேர்வு முடிந்த பிறகுதான் தெரிகிறது. சில நாளில் தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். ஒரு விடை தப்பு என்று நினைத்தால் மறுப்புத் தெரிவிக்கலாம், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அந்த வாரம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கூச்சல். எந்தக் கிளாஸ் புக், எந்தப் பாடம், யாராச்சும் பேஜ் அனுப்புங்க. அச்சுக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினால் அதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோழிப்பண்ணைக் கணக்கர் அந்த வாரத்தில் தன் நீள நோட்டைத் திறந்து, வரியைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து, பாடநூலைத் திறந்தால் போதும்.